ஊறவைத்த தட்டு

பதினோராம் எண் மறுபடியும் தோற்றது.

தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். வரிசையாக இருந்த சின்னக் குழிகள் எல்லாம் கலங்கியிருந்தன, நீர்மோர் ஊற்றி வைத்ததுபோல. கலங்கியிருந்தால் கிருமி வளர்ந்திருக்கிறது. தெளிந்திருந்தால் செத்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள யாரும் பட்டம் வாங்க வேண்டியதில்லை.

அதே மேசையில், கொஞ்சம் தள்ளி, கடற்பாசிக் கூழ் பரப்பிய வட்டத் தட்டு இருந்தது. அதே கிருமி, அதே பதினோராம் எண். மருந்து வைத்த துளையைச் சுற்றி அகலமாக ஒரு தெளிந்த வளையம். அதற்குள் எதுவும் உயிரோடு இல்லை. அதற்கும் அப்பால் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர். அதிலும் கிருமி செத்திருந்தது.

இரண்டு முறைகள் கொல்லும் என்றன. ஒன்று கொல்லாது என்றது. சட்டம் அந்த ஒன்றின் பேச்சை மட்டும்தான் கேட்கும்.

“என்ன, திரும்பவும் மோரா?” என்றார் சுலைமான். தட்டைப் பார்க்காமலேயே கேட்டார். என் முகம் போதும் அவருக்கு.

“மோர்தான்.”

“தட்டை மாத்தினா தயிராகுமா பாருங்க, நீலா மேடம்.”

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை எதிர்பார்க்கவில்லை. எங்களுக்குள் பேச்சைவிட மௌனம்தான் அதிகம். கோயம்புத்தூரில் இந்த ஆய்வகம் திறந்த நாளிலிருந்து அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்திருக்கிறோம்.

பழைய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போன பிறகு வந்த ஏற்பாடு இது. ஒருவர் உடம்பில் இருக்கும் கிருமி எதற்கும் அடங்கவில்லை என்றால், அந்தக் கிருமியின் விவரங்கள் தச்சனுக்குப் போகும். தச்சன் என்பது அரசின் கணினி. யார் அப்படிப் பெயர் வைத்தார்களோ தெரியாது, பொருத்தமான பெயர்தான். அந்த ஒரு கிருமிக்கென்றே பன்னிரண்டு பெப்டைடுகளை அது செதுக்கித் தரும். அமினோ அமிலங்களை மணிமாலை மாதிரி கோத்த குட்டிச் சங்கிலிகள் அவை. எது ஜெயிக்கும் என்று அது நினைக்கிறதோ அது முதலில், எது தோற்குமோ அது கடைசியில். அவற்றைத் தயாரித்துச் சோதிப்பது எங்கள் மாதிரி ஆய்வகங்களின் வேலை. எப்படிச் சோதிப்பது என்பதை ஏழாம் விதி சொல்கிறது: இந்தப் பிளாஸ்டிக் தட்டு, இந்த ஊட்டச்சாறு, இவ்வளவு சூடு, இவ்வளவு நேரம். அதில் கிருமி செத்தால்தான் மருந்து நோயாளியின் உடம்புக்குள் போகலாம். சோதனை முடிவும், பின்னால் நோயாளி பிழைத்தாரா என்பதும் தச்சனுக்கே திரும்பிப் போகும். அதைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும்.

மற்ற ஆய்வகங்களில் முதல் மூன்று நான்கு எண்களோடு நிறுத்திக்கொள்வார்கள். எங்களுக்கு மட்டும் பன்னிரண்டையும் மூன்று முறைகளிலும் சோதித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. சோதனை முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு காலத்தில் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் மறந்துவிட்டார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. இல்லாவிட்டால் பதினோராம் எண்ணை யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

நோயாளியின் பெயர் தாரகை. சிங்காநல்லூரில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறை வைத்திருப்பவள். வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் நொறுங்கி, உள்ளே கம்பி வைத்தார்கள். கம்பியோடு கிருமியும் குடியேறிவிட்டது. தச்சனின் முதல் எண் எங்கள் பிளாஸ்டிக் தட்டில் பளிச்சென்று தேறியது. ஆனால் அவளுடைய ரத்த நீரில் கிருமிகள் அந்த மருந்தோடு சேர்ந்து நீந்தின. சட்டப்படி முதல் எண்ணைத்தான் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை. இப்போது விஷம் மேலே ஏறுகிறது, வியாழக்கிழமை விடிந்ததும் தொடையோடு காலை எடுத்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. எடுத்தாலும் உயிர் நிற்குமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை.

வரவேற்பறையில் தாரகையின் அக்கா மரகதம் உட்கார்ந்திருந்தாள். மெஸ் நடத்துகிறவள். காலைச் சமையலை முடித்துவிட்டு, மருத்துவமனைக்குப் போகும் வழியில் சாப்பாட்டுப் பையோடு தினமும் இங்கே வந்துவிடுவாள்.

“ஏனுங் மேடம், இன்னைக்காச்சும் ஏதாச்சும் சொல்லுவீங்களா? இல்ல தாலூக்கா ஆபீஸ் மாதிரி நாளைக்கு வா, நாளானைக்கு வான்னே ஓட்டிருவீங்களா?”

“உக்காருங்க மரகதம்.”

“உக்காந்து உக்காந்து உங்க சேர் குழி விழுந்துருச்சுங்க. மருந்து இருக்குதுங்கறீங்க. வேலை செய்யுதுங்கறீங்க. அப்புறம் என்னத்துக்குங்க குடுக்க மாட்டேங்கறீங்க?”

எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது அவள் மடியில் இருந்த பிளாஸ்டிக் டப்பா கண்ணில் பட்டது. உள்ளே அடிவரை மஞ்சள் ஏறியிருந்தது.

“இந்தக் கறை போகுமா?”

“எந்த சோப்பு போட்டாலும் போவாதுங்க. சாம்பார் ஊத்துன டப்பா.”

“எவர்சில்வர்ல ஊத்தினா?”

“அதுல ஏதுங்க கறை?”

“அதே கதைதான். இந்த மருந்துக்கு ஒட்டிக்கற குணம். கிருமியோட தோல்ல போய் ஒட்டிக்கிட்டு ஓட்டை போடும். அப்படித்தான் கொல்லுது. ஆனா பிளாஸ்டிக்கைக் கண்டாலும் அதே மாதிரி ஒட்டிக்கும். சட்டம் சொல்ற தட்டு பிளாஸ்டிக். நாங்க ஊத்தற மருந்துல பெரும்பங்கு குழியோட சுவத்துலயே ஒட்டிக்கிது. கிருமிகிட்ட போய்ச் சேர்றது கொஞ்சம்தான். அதனால தோத்துப்போச்சுன்னு கணக்காகுது.”

“அப்ப டப்பாவ மாத்துங்க.”

எத்தனை கூட்டங்களில் எத்தனை பேரிடம் இதை நான் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த வார்த்தைகள் என்னை நோக்கி வந்தபோது எதிர்த்தரப்பின் பதில்தான் என் வாயிலிருந்து வந்தது.

“மாத்த முடியாதுங்க. விதியில இந்தத் தட்டுன்னுதான் போட்டிருக்கு.”

“விதி எழுதுனவங்க வீட்ல டிபன் டப்பா கழுவுனதே இல்லீங்களா?”

அவள் டப்பாவைப் பைக்குள் வைத்து வாயைக் கட்டினாள்.

“உங்களுக்குக் கூடப்பொறந்தது யாராச்சும் இருக்காங்களா மேடம்?”

“இல்லைங்க.”

“அதானுங்க” என்று எழுந்து போனாள்.

உள்ளே வந்ததும் சுலைமான் தன் திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு கோடுகள். தச்சன் செதுக்கியவற்றில் ஏழாம் விதியில் தேறுகிறவை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போயின. அவற்றைப் போட்டுக்கொண்டு பிழைத்தவர்களின் கோடு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

“தச்சன் கிருமியைப் பார்த்துச் செதுக்கறதே இல்ல” என்றார். “தட்டைப் பார்த்துச் செதுக்கறான். எது பிளாஸ்டிக்ல ஒட்டாதோ அதைத்தான் மேல கொண்டுவந்து வைக்கறான். பிளாஸ்டிக்ல ஒட்டாதது கிருமிமேலயும் ஒழுங்கா ஒட்டாது. நாமதானே அவனுக்குப் பரிட்சை வைக்கறோம்? பரிட்சைக்குப் படிக்கறான்.”

“பிழைச்சாங்களாங்கற கணக்கும்தான் அவனுக்குப் போகுது. அதுல கத்துக்க மாட்டானா?”

“தேறினதை மட்டும்தானே குடுக்கறோம்? தோத்ததைக் குடுத்து ஒருத்தர் பிழைச்சதை அவன் பார்த்ததே இல்லையே.”

மதுரைக்குப் போன் செய்தேன். டாக்டர் அருளப்பன் அங்குள்ள ஆய்வகத்தின் தலைவர், ஏழாம் விதிக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, எதிராளி சொல்வதையெல்லாம் மைப்பேனாவால் எழுதிக்கொண்டே கேட்பார். அந்தக் கீறல் சத்தம் நமக்குக் கேட்கும். அது கேட்டால் அவர் கவனிக்கிறார் என்று பொருள்.

“நீலா, நீ சொல்றது தப்புன்னு நான் சொல்லலம்மா.”

“அப்ப சரின்னு சொல்லுங்க சார்.”

“அதுவும் சொல்ல முடியாது. விதி வர்றதுக்கு முந்தின காலத்தை நீயும் பாத்திருக்க. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் எந்தத் தட்டுல தன் மருந்து ஜெயிக்குமோ அந்தத் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்தான். எத்தனை பேரு போனாங்க? அதுக்குத்தானே எல்லாருக்கும் ஒரே தட்டுன்னு வச்சோம். இன்னைக்கு உன் பேஷன்ட்டுக்காகத் தட்டை மாத்தினா, நாளைக்கு எவன் எவன் கேப்பான்?”

அவர் சொன்னது பொய் இல்லை. எனக்கு எரிச்சலே அதனால்தான். முட்டாள்களோடு சண்டை போடுவது எளிது.

“முறைகளை ஒப்பிட்டுப் பாக்கணும், அவ்வளவுதானே?” என்றார். “ஆறு ஆய்வகம் சேர்ந்து செய்யட்டும். நானே உத்தரவு போடறேன். ஒரு வருஷம். மூணு முறைக்கும் நடுவுல வேறுபாடு இருக்குன்னு ஆறு இடத்துலயும் தெரிஞ்சா, ஏழாம் விதியை மாத்தற முதல் கையெழுத்து என்னோடது.”

“வியாழக்கிழமை அவ காலை எடுக்கறாங்க சார்.”

கீறல் சத்தம் நின்றது. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

“கஷ்டமாத்தான் இருக்கு” என்றார். பேனா மறுபடி ஓடத் தொடங்கியது.

போனை வைத்த பிறகு ஏழாம் விதியை எடுத்துப் படித்தேன். மனப்பாடமானதுதான், ஆனாலும் படித்தேன். எந்தத் தட்டு என்று இருந்தது. எந்தச் சாறு என்று இருந்தது. மருந்து ஊற்றுவதற்கு முன்னால் அந்தத் தட்டில் வேறு எதுவும் ஊற்றியிருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. அப்படி ஒருவர் செய்வார் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

ரத்தப் புரதக் கரைசலைக் குழிகளில் நிரப்பி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கொட்டிவிட்டால், புரதம் சுவரெல்லாம் படிந்துகொள்ளும். அதற்குப் பிறகு ஊற்றும் மருந்துக்கு ஒட்ட இடம் இருக்காது. வேறு சோதனைகளுக்கு நாங்கள் தினமும் செய்கிற வேலை. அந்தப் புட்டி குளிர்பெட்டியின் கதவிலேயே இருந்தது.

“சுலைமான்.”

“கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“நான் எதுவும் சொல்லலையே.”

“குளிர்பெட்டியையே பார்த்துட்டு இருக்கீங்க. சொல்லணுமா?”

கீழே அவினாசி சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

“இது ஏமாத்து வேலையில்லையா?” என்று நான்தான் கேட்டேன்.

“சுவத்துல ஒட்டினதைக் கிருமிகிட்ட தோத்துச்சுன்னு எழுதறமே, அது என்ன வேலை?” என்றார். பிறகு எழுந்து போய்ப் புட்டியை எடுத்து வந்தார். “மாட்டினா மரகதம் அக்கா ஜெயிலுக்குச் சாப்பாடு கொண்டுவருவாங்க. பிளாஸ்டிக் டப்பாவுல.”

மறுநாள் தட்டைத் தூக்கிப் பார்த்தபோது பதினோராம் எண்ணின் குழிகள் கிணற்று நீர்போலத் தெளிந்திருந்தன. மருந்து ஊற்றாமல் விட்ட குழிகள் கலங்கியேதான் இருந்தன. ஊறவைத்ததால் மட்டும் கிருமி சாகவில்லை, அதையும் சரிபார்த்துக்கொண்டோம். முடிவை அனுப்பினேன். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உண்மையைச் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அறுவைக்குப் பதிலாகப் பதினோராம் எண் தாரகையின் உடம்புக்குள் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது.

அடுத்த மாதம் ஒருநாள் அக்காவும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள். தாரகை ஊன்றுகோலில், இரண்டு கால்களோடு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்கதான் அந்த டப்பா மேடமா?” என்றாள். மரகதம் ஒரு அடுக்குத் தூக்கை மேசைமேல் வைத்தாள். “எவர்சில்வருங்க. ஒட்டாது.”

அன்று நானும் சிரித்தேன்.

தாரகைக்குப் பிறகு வந்தவர்களை எந்த முகத்தோடு திருப்பி அனுப்புவது? ஊறவைத்துக்கொண்டே இருந்தோம். தச்சன் கடைசியில் போட்டவை எங்கள் தட்டில் தேறின, போட்டுக்கொண்டவர்கள் எழுந்து நடந்தார்கள். தோற்கும் என்று தான் சொன்னது ஜெயித்தால் தச்சன் அதை மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் அதை உருவாக்கியிருக்கிறார்கள். மெல்ல மெல்ல, அது செதுக்கும் விதமே மாறியது. ஒரு நாள் வந்த பன்னிரண்டும் நன்றாக ஒட்டக்கூடியவை. கூழ்த் தட்டில் பன்னிரண்டுக்கும் அகலமான வளையங்கள். ரத்த நீரில் கிருமியே மிச்சமில்லை.

“கத்துக்கிட்டான்” என்றேன். இத்தனை வருடத்தில் இந்த அறையில் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. “சுலைமான், கடைசில அவன் கிருமியைப் பார்க்கக் கத்துக்கிட்டான்!”

சுலைமான் வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மத்த ஊர்ல யாரும் ஊறவைக்கறதில்லையே மேடம்” என்றார்.

அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. இந்தப் பன்னிரண்டும் மற்ற ஊர்த் தட்டுகளின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

மதுரையிலிருந்து போன் வந்தது அதே வாரத்தில்.

“நீலா, இங்க எதுவுமே தேற மாட்டேங்குதும்மா” என்றார் அருளப்பன். குரலில் பழைய நிதானம் இல்லை. “முந்தியெல்லாம் முதல் எண்ணாச்சும் தேறும். குடுப்போம். பாதிப் பேரு பிழைப்பாங்க, பாதிப் பேரு போவாங்க. இப்ப பன்னிரண்டும் தோக்குது. சேலத்துலயும் அப்படித்தான், தூத்துக்குடியிலயும் அப்படித்தான். குடுக்கறதுக்கே கையில ஒண்ணும் இல்ல. தச்சனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பாத்தா, உன் லேப்ல மட்டும் எல்லாம் தேறுது. அதெப்படி?”

பேனா ஓடிக்கொண்டிருந்தது.

“இங்க ஒரு வாத்தியாரு கிடக்காரு. நுரையீரல்ல கிருமி. அவரு மக காலையில இருந்து என் ரூம் வாசல்லயே நிக்குது. நான் என்ன சொல்லட்டும்?”

தச்சன் இப்போது சரியாகத்தான் செதுக்குகிறது. எங்கள் பொய்யிலிருந்து உண்மையைக் கற்றுக்கொண்டுவிட்டது. ஏழாம் விதி என்ற வாசல்தான் பழைய வாசலாக நிற்கிறது. நான் செய்ததை ஒப்புக்கொண்டால் எங்கள் முடிவுகளை எல்லாம் அழித்துவிடுவார்கள், தச்சன் பழையபடி தட்டுக்காகச் செதுக்கப் போய்விடும். வாயை மூடிக்கொண்டால் வாத்தியார் செத்துப்போவார். சேலத்திலும் தூத்துக்குடியிலும் எனக்குப் பெயர் தெரியாதவர்கள் செத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவேளை, இந்த வாரத்தில் யாரோ செத்தும் இருக்கலாம். தாரகையின் இரண்டு கால்களும் என் கண்முன் வந்து நின்றன.

“சார், தட்டை ஊறவைக்கறோம்” என்றேன்.

முழுவதையும் சொன்னேன். புட்டி, புரதம், சுவர், பதினோராம் எண். நடுவில் எங்கோ பேனாவின் சத்தம் நின்றிருந்தது, எந்த இடத்தில் என்று நான் கவனிக்கவில்லை.

சொல்லி முடித்தேன். மின்விசிறியின் சத்தம். யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்.

“இது விதிமீறல்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும் சார். விதியில அது இல்லைங்கறதும் தெரியும்.”

“என்கிட்ட வக்கீல் மாதிரிப் பேசாதே.” குரல் உயர்ந்து உடனே தாழ்ந்தது. “ஒப்பீட்டை யோசிச்சியா? ஆறு லேப்ல நடக்குது. நீ கேட்டுத்தானே உத்தரவு போட்டேன்? ஆறு பேரும் உன்ன மாதிரி ஊறவச்சா மூணு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்லும். வேறுபாடு இல்லைன்னு அறிக்கை வரும். ஏழாம் விதி சரியான விதின்னு நீயே நிரூபிச்ச மாதிரி ஆயிரும். அப்புறம் அந்தத் தட்டை யாராலும் மாத்த முடியாது. என்னாலயும் முடியாது.”

“யோசிச்சேன் சார்.”

“உண்மையைச் சொல்லி ஒரு வருஷம் காத்திருந்தா விதியை மாத்தலாம்.”

“காத்திருக்கலாம். வாத்தியார் காத்திருப்பாரா சார்?”

அந்தப் பக்கம் கதவு திறந்தது. ஒரு பெண் குரல், இளம் குரல், என்னவோ கேட்டது. “இருத்தா, பேசிக்கிட்டுத்தான இருக்கேன். வெளிய உக்காரு” என்றார் அருளப்பன். கதவு மூடியது.

நான் காத்திருந்தேன். சுலைமான் தன் மேசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால், அடுத்த நோயாளிக்கான தட்டில், புரதக் கரைசல் குழி குழியாக ஊறிக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார் போலிருக்கிறது. விசிறியின் சத்தம் விலகி, அவருடைய மூச்சு அருகில் கேட்டது.

“எவ்வளவு நேரம் ஊறவைக்கணும்?” என்றார்.

சொன்னேன். கரைசலின் அளவையும், எப்படிக் கொட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

பேனா ஓடும் சத்தம் கேட்கவே இல்லை.